துலாவில் தண்ணீர் அள்ளும் அம்மம்மா: வாளிக்குப் பாரம் வரவில்லை

கொக்குவில்_கோடு:
வணக்கம். பிளெண்டர் என்ற அனிமேஷன் மென்பொருளில் ஒரு குறும்படம் செய்கிறேன், செக்கனுக்கு 24 பிரேம். அம்மம்மா துலாக் கிணற்றில் (தூணில் சாய்ந்தாடும் நீண்ட மரத்தின் நுனியில் கயிறும் வாளியும் தொங்கும்) தண்ணீர் அள்ளி, வாளியோடு குசினிப் பக்கம் நடந்து போகிற காட்சி. வெளிச்சம், சீலை, பின்னால் நிற்கும் வடலிகள் எல்லாம் வடிவாக வந்துவிட்டன. வாளிதான் ரெஜிபோமில், அந்தப் பாரமில்லாத வெள்ளை நுரைப்பொருளில், செய்தது மாதிரி இருக்கிறது. வாளி கிணற்றுக்குள் விழுகிறது, நிரம்புகிறது, பிறகு அம்மம்மா முகத்தைச் சுளித்து முதுகை வளைத்து மேலே இழுக்கிறார். இழுக்கும் நேரத்தை இரட்டிப்பாக்கிப் பார்த்தேன். பாரம் கூடவில்லை, படம்தான் மெதுவாக ஓடுகிற மாதிரி தெரிகிறது. என்ன செய்யலாம்?

இரவுரெண்டர்:
அசைவின் வேகத்தை வளைகோடாகக் காட்டும் கிராஃப் எடிட்டரைத் திறந்து பாருங்கள். கீஃப்ரேம் (அசைவு தொடங்கும், முடியும் நிலைகளைக் குறிக்கும் பிரேம்) போட்டால், இடையில் பிளெண்டர் தானாகவே பெசியர் என்ற வளைவைத்தான் போடும். மெல்லத் தொடங்கி மெல்ல நிற்கும். விழுகிற வாளி தண்ணீரைத் தொடும் முன்னமே வேகம் குறைந்தால் யாருக்குத்தான் பாரம் தெரியும்? தொடக்கக் கீயைத் தெரிவுசெய்து, T விசையை அழுத்தி குவாட்ராடிக் (இருபடி வளைவு) போடுங்கள், ஈசிங்கை 'ஈஸ் இன்' ஆக்குங்கள், மெல்லத் தொடங்கி வேகம் கூடிக்கொண்டே போகும். புவியீர்ப்பின் வளைவும் அதேதான். நின்ற நிலையிலிருந்து விழும் பொருள் 6 பிரேமில் 30 சென்ரிமீற்றர், 12 பிரேமில் 1.2 மீற்றர், 24 பிரேமில் 4.9 மீற்றர் போகும். வெறும் வாளியும் நிறைவாளியும் இதில் ஒன்றுதான்.

உரும்பிராய்_தோட்டம்:
கயிறு உருளையில் ஓடும் கப்பிக் கிணறு என்றால் மேலே தம்பி சொன்னது முழுக்கச் சரி. ஆனால் துலாவில் வாளி விழாது, தங்கச்சி. உங்கள் காட்சி அங்கேதான் கழன்றுபோகிறது.

துலாவின் அடிப்பக்கத்தில், அதாவது வாளிக்கு எதிர் நுனியில், கல் கட்டியிருக்கும். கையை விட்டால் வாளி மேலேதான் போகும், கீழே போகாது. ஆகவே வெறும் வாளியைக் கிணற்றுக்குள் இறக்குவதுதான் வேலை. நிறைவாளியை ஏற்றும்போது பாதிப் பாரத்தைக் கல் பார்த்துக்கொள்ளும். நீங்கள் பாடு முழுவதையும் ஏற்றத்தில் வைத்திருக்கிறீர்கள். துலாவைக் கண்டவர்களுக்குக் காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும் ஏதோ பொய் என்று பட்டுவிடும். சின்ன வயதில் எங்கள் தோட்டத்தில் துலா மரத்தின்மேல் நடந்து மிதித்த ஆட்களைப் பார்த்தவன் நான். இப்போது எல்லாம் மோட்டர்தான், அது வேறு கதை.

இறக்கும்போது கயிற்றைக் கைமாற்றிக் கைமாற்றிக் கீழே இழுக்க வேண்டும். அந்தப் பலம் தோளிலிருந்து வருவதில்லை. ஒருவர் தன் உடம்பின் பாரத்துக்கு மேலே கீழ்நோக்கி இழுக்க முடியாது, ஆகவே மெலிந்த அம்மம்மா கயிற்றில் தொங்கத்தான் வேண்டும். முதலில் முழங்கால் மடிந்து இடுப்பு இறங்கட்டும், இரண்டு மூன்று பிரேம் கழித்துத் தோள், கடைசியில் கை. இழுப்பு உச்சத்துக்கு வரும்போது குதிக்கால் நிலத்தை விட்டுக் கொஞ்சம் எழும்பட்டும். முகத்தைச் சுளிக்க வைக்கவே வேண்டாம். தினமும் அள்ளுகிற மனுசிக்கு முகத்தில் என்ன இருக்கப்போகிறது!

அடுத்தது பலரும் தவறவிடுவது. வாளி தண்ணீருக்குள் இருக்கும்வரை அதன் பாரம் கையில் தெரியாது. மேலே வரும்போது சட்டென்று கெதியாக வரும். விளிம்பு தண்ணீரை விட்டு எழும்பிய உடனே கயிறு இறுகும், ஏற்றம் தயங்கும், கை ஒருதரம் கீழே இழுபடும். அந்தத் தயக்கத்துக்கு நாலு பிரேம் கொடுங்கள். மொத்த நேரத்தை நீட்டியும் பயனில்லாமல் போனது இதனால்தான்: பாரம் ஒரே சீரான மெதுவில் தெரியாது, அசையத் தொடங்கும் இடத்திலும் நிற்கும் இடத்திலும்தான் தெரியும்.

தொட்டிக்குள் ஊற்றும் இடத்தையும் பாருங்கள். வாளி வெறுமையாகும்போது கல் மறுபடி வெல்லும், கயிறு அம்மம்மாவின் கையை மேலே தூக்கப் பார்க்கும். அவர் பார்க்காமலே கயிற்றை அமத்திப் பிடித்தால் போதும். அந்த ஒரு அசைவு முழுக் காட்சியையும் நம்ப வைக்கும்.

கொக்குவில்_கோடு:
அண்ணா, கல் விசயம் எனக்குத் தெரியவே தெரியாது. படத்தில் பார்த்துத்தான் மொடல் செய்தேன். இன்னொன்று: கயிற்றில் வாளி ஆடுகிறதே, நிறைவாளி என்றால் மெதுவாக ஆட வேண்டுமா? நடையிலும் ஒரு வழி சொல்லுங்கள்.

இரவுரெண்டர்:
ஆட்டத்துக்கும் கனம் கணக்கில்லை, கயிற்றின் நீளம்தான் கணக்கு. 1 மீற்றர் என்றால் போய்வர 2 செக்கன், அதாவது 48 பிரேம். 4 மீற்றர் என்றால் 4 செக்கன். வாளி மேலே வர வர ஆட்டம் கெதியாக வேண்டும். இதற்கு ரிஜிட் பொடி சிமுலேஷன் (அசைவை மென்பொருளே இயற்பியல்படி கணக்கிடுவது) போட்டுவிடலாமே?

உரும்பிராய்_தோட்டம்:
கயிற்றுக்கும் வாளிக்கும் போடலாம். அம்மம்மாவுக்கு உதவாது, அவர் அடுத்து என்ன வரும் என்று தெரிந்து முன்கூட்டியே கையை நீட்டுகிறவர்.

நடைக்கு: 10 லீற்றர் தண்ணீர் 10 கிலோ. வலக்கையில் வாளி என்றால் உடம்பு இடப்பக்கம் சாயும், இடக்கை விலகி நிற்கும், வாளி பிடித்த கை நேராக நீண்டு தோள் இறங்கும். முன்னால் இருந்து பார்த்து, அம்மம்மாவும் வாளியும் சேர்ந்த பாரத்தின் நடு, நிலத்தில் ஊன்றிய காலுக்கு மேலே வருகிறதா என்று சரிபாருங்கள். அடிகள் குட்டையாகட்டும். வாளிப் பக்கத்துக் கால் ஊன்றியதும் இடுப்பு மற்றப் பக்கத்தைவிடக் கொஞ்சம் ஆழமாக இறங்கட்டும். இரண்டு பக்கமும் ஒரேமாதிரி நடந்தால் வாளி மறுபடி ரெஜிபோம்தான்.

1880களில் மைபிரிட்ஜ் என்பவர் பிலடெல்பியாவில் வாளி தூக்கி நடக்கிறவர்களையும் தொடர்படங்களாக எடுத்தார், தேடினால் கிடைக்கும். அதைவிட நல்லது, வீட்டில் யாரையாவது வாளியை நிரப்பித் தூக்கச் சொல்லிப் போனில் எடுப்பது. வெறும் வாளியைக் கொடுத்து நடிக்கச் சொல்லாதீர்கள். போன் 30 பிரேமில் எடுத்திருந்தால் பிரேமை எண்ணாமல் செக்கனை எண்ணுங்கள்.