நுவரெலியாவில் நடைப்பாதைகள்: முழங்கால் வலியுள்ள அம்மாவுக்கும் மலையேறத் துடிக்கும் மைத்துனருக்கும்

கேள்வி (உப்புவெளியிலிருந்து)

வரும் ஓகஸ்ட் விடுமுறையில் குடும்பத்துடன் நுவரெலியா சென்று சில நாட்கள் தங்க எண்ணியுள்ளோம். வருபவர்களில் எழுபதை நெருங்கும், முழங்கால் வலியுள்ள என் அம்மா, ஆரம்பப் பாடசாலையில் படிக்கும் தங்கையின் பிள்ளைகள் இருவர், நாள்தோறும் காலையில் கடற்கரை மணலில் ஓடிப் பழகிய மைத்துனர் ஆகியோர் அடங்குவர். மைத்துனரோ இலங்கையின் மிக உயர்ந்த சிகரத்தில் நடந்து ஏறியே தீருவேன் என்று நிற்கிறார். அம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் ஏற்ற பாதைகள் எவை, பழகியவர்களுக்கு உரியவை எவை, பீதுருதாலகால மலையில் நடந்து ஏற முடியுமா என்பவற்றை அங்கு சென்று வந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

பதில் 1 (திருகோணமலை நகரம், நுவரெலியாவில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்)

தம்பி, பாதைகளுக்கு முன்னர் மாதத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நமக்கு ஓகஸ்ட் என்றால் வெயிலும் அமைதியான கடலும். நிலாவெளியில் உல்லாசப் பயணிகள் நிறைந்திருக்கும் காலம் அது. தென்மேற்குப் பருவக்காற்று கொண்டுவரும் மழையை மத்திய மலைநாடு வாங்கிக்கொள்வதனால்தான் மலைக்கு இந்தப் பக்கத்தில் நாம் உலர்ந்திருக்கிறோம். ஆகவே இங்கே வானம் தெளிந்திருப்பதைப் பார்த்து அங்கும் அப்படியே இருக்கும் என்று புறப்படுவது தவறு. பாதைகள் உலர்ந்தும் காட்சிகள் தெளிந்தும் இருப்பது ஜனவரி முதல் மார்ச் வரையிலான காலத்தில். விடுமுறையை மாற்ற முடியாதென்றால் ஓகஸ்டிலும் போகலாம். ஆனால் எல்லா நடையையும் காலையிலேயே முடித்துவிட வேண்டும்.

பீதுருதாலகால பற்றிய விடை சுருக்கமானது. 2,524 மீற்றர் உயரமுள்ள அந்த உச்சியில் தொலைக்காட்சி ஒளிபரப்புக் கோபுரமும் பாதுகாப்புப் படையினரின் முகாமும் உள்ளன; நடந்து ஏற அனுமதியில்லை. அடையாள அட்டையைக் காட்டி வாகனத்தில் போய் வரலாம். உங்கள் மைத்துனருக்கு இது ஏமாற்றம்தான், அம்மாவுக்கு இது வாய்ப்பு.

குடும்பம் முழுவதும் சேர்ந்து போவதற்கு ஹோர்ட்டன் சமவெளியையே நான் சொல்வேன். நுவரெலியாவிலிருந்து அம்பேவெல, பட்டிப்பொல வழியாகச் சுமார் 32 கிலோமீற்றர் தூரம். சுற்றுப்பாதை ஏறத்தாழ 9 கிலோமீற்றருக்கு மேல் நீள்கிறது. செங்குத்தான மலை விளிம்புகளான சிறிய உலக முடிவு, உலக முடிவு ஆகியவற்றையும் பேக்கர்ஸ் நீர்வீழ்ச்சியையும் அது இணைக்கிறது. பிள்ளைகளோடு மெதுவாக நடந்தால் நான்கு மணித்தியாலம் ஆகலாம். காலை 9 மணி அளவில் பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி எழும்பி உலக முடிவை முற்றாக மறைத்துவிடுவது வழக்கமாகையால், காலை 6 மணிக்கே நுழைவாயிலில் நிற்பவர்களுக்குத்தான் அந்தப் பாதாளம் கண்ணில் படும். சாவகாசமாகக் காலை உணவை முடித்துக்கொண்டு வருபவர்கள் கட்டணம் செலுத்தி வெள்ளைச் சுவரைப் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். பொலித்தீன் உறைகளை உள்ளே கொண்டுபோக விடமாட்டார்கள். உணவைப் பெட்டிகளில் எடுத்துச் செல்லுங்கள்.

இன்னொன்று. நம் திருகோணமலை பிரெட்ரிக் கோட்டைக்குள் புள்ளிமான்களுக்குத் தின்பதற்கு நீட்டிப் பழகிய பிள்ளைகள், ஹோர்ட்டன் வாகனத் தரிப்பிடத்தில் மனிதருக்கு அஞ்சாமல் நெருங்கி வரும் மரைகளுக்கும் அப்படியே செய்யப் பார்ப்பார்கள். அதைத் தடுத்துவிடுங்கள். அது தேசியப் பூங்கா. சிறுத்தைகளும் வாழும் காடு.

பதில் 2 (கந்தளாய்; மலையகத்தில் பிறந்து வளர்ந்தவர்)

ஐயா எழுதியவற்றில் ஒன்றை மட்டும் நான் ஏற்க மாட்டேன். முழங்கால் வலியுள்ள அம்மாவை ஹோர்ட்டன் சுற்றுப்பாதையில் நடத்தக் கூடாது. முழங்காலைப் படுத்துவது ஏற்றத்தை விட இறக்கம்தான். பேக்கர்ஸ் நீர்வீழ்ச்சிக்கு இறங்கும் வழியில் வேர்களும் ஈரமான கற்களும் நிறைந்திருக்கும், நடுவழியில் களைத்துவிட்டால் வாகனம் வந்து ஏற்றிச்செல்லவும் முடியாது. அம்மாவுக்குக் கிரகரி வாவியின் கரையும் விக்டோரியா பூங்காவும் போதும். அடுத்த நாள் சீதா எலியவில் சீதை அம்மன் கோயிலில் வழிபட்டுவிட்டு, சற்றுத் தள்ளியுள்ள ஹக்கல தாவரவியல் பூங்காவுக்குப் போகலாம். 1861 ஆம் ஆண்டு மலேரியா மருந்து தரும் சிங்கோனா மரத்தைப் பயிரிடுவதற்காகத் தொடங்கப்பட்ட இடம் அது. அங்கும் சரிவுகள் உண்டென்றாலும், விரும்பிய இடத்தில் உட்காரலாம், விரும்பிய நேரத்தில் திரும்பலாம்.

பிள்ளைகளை முதல் நாளிலேயே நீண்ட நடைக்கு அழைத்துச் செல்லாதீர்கள். கடல் மட்டத்தில் வாழ்பவர்கள் ஒரே நாளில் 1,868 மீற்றர் உயரத்துக்கு வந்தால், சிறிய ஏற்றத்திலும் மூச்சு வாங்கும். இரவுக் குளிர் வேறு. நகரை ஒட்டிய கல்வேஸ் லேண்ட் காட்டின் சிறு பாதையில் தொடங்கலாம். பறவைகளை விரும்பும் பிள்ளைகளாக இருந்தால் அங்கிருந்து கிளப்புவதே கடினம். அடுத்ததாக, பீட்ரு தோட்டத்தின் தேயிலை மலைகளுக்குள்ளே லவர்ஸ் லீப் நீர்வீழ்ச்சி வரை போய் வரலாம். அதைவிடச் சற்றுக் கடினமானது சிங்கிள் ட்ரீ மலை. நகரத்திலிருந்தே நடந்து ஏறலாம். இடைவிடாத ஏற்றமென்றாலும், தெளிந்த காலையில் வாவியும் நகரமும் எதிரே பீதுருதாலகாலவும் ஒருசேரத் தெரியும்.

இந்தப் பாதைகளில் பெரும்பகுதி தேயிலைத் தோட்டங்களுக்குள் போகிறது. நீங்கள் விடுமுறையைக் கழிக்கும் அந்த ஒற்றையடிப் பாதை, கொழுந்துச் சுமையோடு நிறுவைக்குப் போகும் பெண்களுக்கு வேலைத்தலம். அவர்கள் வரும்போது ஒதுங்கி வழிவிடுங்கள். கேட்காமல் படம் எடுக்காதீர்கள். வழி தெரியாவிட்டால் அவர்களிடமே தமிழில் கேளுங்கள், கைப்பேசி வரைபடத்தை விடச் சரியாகச் சொல்வார்கள்.

மழைக்காலமென்பதால் அட்டைகள் இருக்கும். நீளமான காலுறைக்குள் காற்சட்டையின் நுனியைச் செருகி, மேலே சவர்க்காரமோ சித்தாலேப என்ற மூலிகைத் தைலமோ பூசிக்கொள்ளுங்கள். கடித்தால் பதற்றப்பட்டுப் பிடுங்கி இழுக்க வேண்டாம். நகத்தால் பக்கவாட்டில் தள்ளிவிட்டு, காயத்தைக் கழுவி அழுத்திப் பிடித்தால் போதும்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. அம்மாவை ஹோர்ட்டனுக்கு அழைத்துச் செல்வதில்லை என்று முடிவு செய்துவிட்டோம். அன்றைக்குத் தங்கை அவரோடு நகரத்தில் இருப்பார், பிள்ளைகள் எங்களோடு வருவார்கள். மைத்துனர் மட்டும் இன்னும் அடங்கவில்லை. உச்சியொன்றில் ஏறாமல் திரும்ப மாட்டாராம். கிரேட் வெஸ்டர்ன் மலை என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அது சரிவருமா?

பதில் 3 (திருகோணமலை, மலையேற்றத்தில் ஈடுபடுபவர்)

அண்ணா, ஓகஸ்டில் கிரேட் வெஸ்டர்ன் வேண்டாம். 2,216 மீற்றர் என்ற உயரத்தைப் பார்த்து அதை எடைபோடக் கூடாது. அதே பெயருள்ள புகையிரத நிலையத்தின் பக்கமிருந்து தொடங்கும் வழி, தேயிலையைக் கடந்ததும் செங்குத்தாகக் காட்டுக்குள் ஏறுகிறது. மழையில் வழுக்கும், மூடுபனியில் தடம் தவறும். உலர்ந்த மாதத்தில், உள்ளூர் வழிகாட்டியோடு ஏற வேண்டிய மலை அது. மணலில் ஓடுபவருக்கு மூச்சும் கெண்டைக்காலும் உறுதியாக இருக்கும், ஆனால் சேற்றுச் சரிவில் கால் பதிப்பது வேறு பழக்கம்.

அவருடைய ஆசையை ஹோர்ட்டன் சமவெளிக்குள்ளேயே தீர்க்கலாம். பீதுருதாலகாலவுக்கு அடுத்த உயரமான கிரிகல்பொத்த, 2,388 மீற்றர், அங்கேதான் இருக்கிறது. முதலாவது உச்சிக்கு நடந்து போக வழியில்லாததால், இலங்கையில் ஒருவர் தம் காலால் ஏறக்கூடிய மிக உயர்ந்த சிகரம் இதுதான் என்று அவரிடம் சொல்லுங்கள், சமாதானமாகிவிடுவார். சமவெளியே 2,100 மீற்றர் அளவில் இருப்பதால் ஏற்றம் பெரிதில்லை; ஆனால் போவதற்கு மட்டும் ஏறத்தாழ 7 கிலோமீற்றர், இடையிடையே சேற்று நிலமும் அடர்ந்த காடும் வரும். போய்வர ஆறேழு மணித்தியாலம் வைத்துக்கொள்ளுங்கள். தனியே அனுப்பாதீர்கள், புறப்படும் முன் பூங்கா அலுவலர்களிடம் அறிவித்துவிட்டுப் போகச் சொல்லுங்கள்.

அவ்வளவு நேரம் காத்திருக்க முடியாதென்றால், பட்டிப்பொல நுழைவாயிலிலிருந்து உள்ளே வரும் வீதியோரத்தில் தொடங்கும் தொட்டுபொலகந்த இருக்கிறது. 2,357 மீற்றர், மூன்றாவது உயர்ந்த மலை. மேலே போக இரண்டு கிலோமீற்றர் அளவுதான். பெரிய பிள்ளையையும் கூட்டிப் போகலாம்.

கடைசியாக, புறப்படுவதற்கு முதல் நாள் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பாருங்கள். நுவரெலியா மாவட்டத்துக்கு எச்சரிக்கை நடைமுறையில் இருந்தால், மலைப் பாதைகளை மட்டுமல்ல, கம்பளையிலிருந்து ரம்பொட வழியாக ஏறும் வீதியையும் தவிர்ப்பது நல்லது.