கிழமைப் புதிரில் இரண்டு அட்டவணை: எதை முதலில் அழிப்பது?

ஐபிபிஎஸ் வங்கிப் பணித் தேர்வுக்குப் படிக்கும் நண்பர்களே, ஓர் உதவி. முதல்நிலைத் தேர்வின் ரீசனிங் (தர்க்கத் திறன்) பகுதியில் 35 கேள்விகளுக்கு 20 நிமிடம்தான். எனக்கு ஒரு கிழமைப் புதிரே எட்டு நிமிடத்தைத் தின்றுவிடுகிறது.

நேற்றுப் போட்டது இது: திங்கள் முதல் ஞாயிறு வரை நாளுக்கொரு பாடம். கணிதம் வியாழனுக்கு முன்பு, ஆனால் திங்களன்று இல்லை. கணிதத்துக்கும் வேதியியலுக்கும் நடுவே இரண்டு பாடங்கள். வேதியியலுக்கு மறுநாள் வரலாறு. இந்த மூன்றுக்கும் முறையே செவ்வாய்–வெள்ளி–சனி, புதன்–சனி–ஞாயிறு என இரண்டு அட்டவணை போட்டு, இரண்டையும் பாதிவரை நிரப்பிவிட்டேன். கடைசி வரியில்தான் ‘வரலாற்றுக்குப் பின்பு புவியியல்’ என்று இருந்தது! புதன் அட்டவணை முழுக்க வீண். அழித்து அழித்துத் தாளே கிழிந்துவிட்டது.

குறிப்புகளை முழுதும் படித்த பிறகு எழுதத் தொடங்குவீர்களா, படிக்கப் படிக்கவே நிரப்புவீர்களா? நாள் சொல்லாத குறிப்புகளை எங்கே எழுதி வைக்கிறீர்கள்? முடிந்தால் உங்கள் கிறுக்கல் தாளைப் படமெடுத்துப் போடுங்கள்.