கரையான் வந்த வீடுகள்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

ஓட்டுவீடு, கும்பகோணம்

கூடத்து நிலைக்காலில் பென்சில் தடிமனில் ஒரு மண்கோடு ஏறியிருந்தது. குளவி கட்டியிருக்கும் என்றார் மாமியார். கீறிப் பார்த்தால் உள்ளே வெள்ளை வெள்ளையாக ஓடுகின்றன. ஸ்க்ரூடிரைவர் பிடியால் நிலையைத் தட்டினேன், பொத்தென்று ஓசை வந்தது. உள்ளே மரமே இல்லை, பெயின்ட்தான் நிற்கிறது. மண்ணெண்ணெய் ஊற்றினோம். அங்கே நின்றுவிட்டது, மழைக்காலம் வந்ததும் பக்கத்துச் சன்னல் சட்டத்தில் புதுக்கோடு தெரிகிறது. இதை அடியோடு ஒழித்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

தச்சர் மகன்

அம்மா, மண்ணெண்ணெய் தன் மேல் பட்ட பூச்சியைத்தான் கொல்லும். நீங்கள் பார்த்தவை இரை தேட வந்த வேலைக்காரக் கரையான்கள். ராணி மண்ணுக்கடியில் முட்டையிட்டுக்கொண்டே இருக்கும். வெளிச்சமும் வறண்ட காற்றும் அவற்றுக்கு ஆகாது என்பதால்தான் அந்த மண்குழாய்க்குள்ளேயே போய் வருகின்றன. ஒரு வழி அடைபட்டால் அடுத்த விரிசலைத் தேடும். சுவரும் தரையும் சேரும் இடம், சுவிட்ச் பெட்டிக்குப் போகும் குழாய், கழிவறை நிலையின் அடிப்பாகம், இந்த மூன்றையும் முதலில் பாருங்கள்.

கோடு முழுவதையும் சுரண்டிவிடாதீர்கள். நடுவில் ஓர் அங்குலம் மட்டும் உடைத்து வையுங்கள். ஓரிரு நாளில் ஈரமண் வைத்து ஒட்டியிருந்தால் நடமாட்டம் இருக்கிறது என்று பொருள். அப்படியே கிடந்தால் அந்த வழியை விட்டிருக்கலாம். வீட்டையே விட்டுவிட்டது என்று நினைத்துவிட வேண்டாம்.

இன்னொன்று. பழைய வீடுகளில் மரத்தூணுக்கு அடியில் கருங்கல் வைத்தார்களே, அதை அழகுக்கு என்று நினைக்கிறோம். மரம் மண்ணைத் தொடக்கூடாது என்பதுதான் கணக்கு. இப்போது நிலையைத் தரைக்குள் புதைத்துச் சிமென்ட் பூசிவிடுகிறோம். தேக்கு என்று சொல்லி வெள்ளைப் பகுதியோடு விற்கிறார்கள். வைரம் பாய்ந்த பகுதி தாங்கும், வெளி வெள்ளைக் கட்டையைக் கரையான் விடாது.

மூன்றாம் மாடி, சென்னை

மாடியில் இருக்கிறோம், நமக்கென்ன என்று இருப்பவர்களுக்காக எழுதுகிறேன். கழிவறைக் குழாய்க் கசிவு சுவரை ஈரமாக்கி வைத்திருந்தது. அந்தக் குழாய்கள் போகும் இடைவெளி வழியாகவே மேலே ஏறிவிட்டன. ப்ளைவுட் அலமாரியின் முதுகுப்பலகை அப்பளமாக நொறுங்கியது. உள்ளே இருந்த பத்திரங்களைச் சொல்லி அழ இங்கே இடம் போதாது.

முதலில் மருந்தடிக்க வந்தவர்கள் கைத்தெளிப்பானால் ஓரமாக ஈரம் காட்டிவிட்டு, உத்தரவாதச் சீட்டும் கொடுத்துவிட்டுப் போனார்கள். அடுத்து வந்தவர் செய்ததுதான் வேலை. தரைத்தளத்திலிருந்து தொடங்கி, சுவர் சேரும் இடங்களில் 12 மி.மீ. துளைகளை ஏறக்குறைய ஓர் அடிக்கு ஒன்றாகப் போட்டு, துளைக்கு ஒரு லிட்டர் வரை மருந்து கலந்த நீரை இறக்கி, வெள்ளை சிமென்டால் அடைத்தார். அவர் பயன்படுத்தியது இமிடாகுளோபிரிட் 30.5 சதவீதக் கரைசல், லிட்டர் தண்ணீருக்கு 2.1 மி.லி. அந்த மருந்து இருப்பது கரையானுக்குத் தெரியாது. அதன் மேல் நடந்துபோய் ஒன்றுக்கொன்று ஊட்டியும் நக்கியும் கூட்டத்தில் மற்றவற்றுக்கும் பரப்பும். உடனே சாகவில்லையே என்று பதற வேண்டாம். மெதுவாகத்தான் வேலை செய்யும். கூடவே குழாய்க் கசிவையும் அடைத்தோம். அதை விட்டிருந்தால் ஈரம் மறுபடி அழைத்து வந்திருக்கும்.

உப்புக்காற்று, தூத்துக்குடி

எங்கள் வீட்டில் மண்கோடே இல்லை. தாத்தாவின் சாய்வு நாற்காலிக்கு அடியில் கசகசா போல உருண்டு விழுந்துகொண்டிருந்தது. அது உலர்மரக் கரையானின் எச்சம். மண்ணே தேவையில்லாமல் மரத்துக்குள்ளேயே குடியிருக்கும் இனம். தரையில் துளை போட்டு என்ன பயன்? மரத்திலேயே மருந்து ஏற்ற வேண்டும். ஆனால் மெல்லிய மாவாகக் கொட்டி, ஊசித்துளைகள் தெரிந்தால் அது கரையானே அல்ல, உளுவண்டு. மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிப் பணம் வாங்குபவர்கள் இருக்கிறார்கள்.

ஓட்டுவீடு, கும்பகோணம்

நேற்று மழைக்குப் பிறகு குழல்விளக்கைச் சுற்றி இறக்கைப் பூச்சிகள். காலையில் தரையெங்கும் இறக்கை. ஈசல்தானா, இறக்கை எறும்பா?

தச்சர் மகன்

இறக்கைகளைப் பொறுக்கிப் பாருங்கள். நான்கும் ஒரே நீளம் என்றால் ஈசல், அதாவது இறக்கை முளைத்த கரையான். எறும்புக்கு முன்னிறக்கை பெரியது, இடையும் ஒடுங்கியிருக்கும். வெளியிலிருந்து வெளிச்சத்துக்கு வந்த ஈசல் என்றால் பெருக்கித் தள்ளிவிடலாம். சுவர் விரிசலிலிருந்தோ நிலையிலிருந்தோ கிளம்பியிருந்தால் கூடு வீட்டுக்குள்ளேயோ அடியிலேயோ இருக்கிறது.

புதுமனை

வீடு கட்டுபவர்கள் அஸ்திவாரத்திலேயே முடித்துவிடுங்கள். ஐ.எஸ். 6313 என்ற இந்தியத் தரநிலையின் இரண்டாம் பகுதி இதற்கென்றே இருக்கிறது: தளம் போடும் முன் மண்பரப்பில் சதுர மீட்டருக்கு 5 லிட்டர் மருந்து நீர். மேஸ்திரி பக்கத்தில் நின்று பாருங்கள். மருந்து ஊற்றிய மண்ணை மறுநாள் வெட்டிக் கிளறினால் தடுப்பு உடைந்துவிடும், எங்கள் தெருவிலேயே நடந்தது.

மூன்றாம் மாடி, சென்னை

ஓட்டுவீடு அம்மாவுக்கு: கும்பகோணத்தில் பின்கட்டில் கிணறு இருக்குமே? ஆள் வரும் முன்பே அதைச் சொல்லிவிடுங்கள், கிணற்றை ஒட்டிய மண்ணில் மருந்து இறக்க விடாதீர்கள். மீன் தொட்டி இருந்தால் அதையும் வேறு வீட்டுக்கு மாற்றுங்கள்.