மெட் ஸ்கூல் அப்ளை பண்றதுக்கு முன்னாடி பேஷண்ட் எக்ஸ்பீரியன்ஸ் எங்க கிடைக்கும்?

பயோ_ஸ்டூடண்ட்: வணக்கம். அமெரிக்கால காலேஜ் செகண்ட் இயர் படிக்கிறேன், அடுத்த சம்மர்ல அப்ளை பண்ணணும். ஷேடோயிங் (டாக்டர் கூடவே இருந்து வேலையப் பாக்கறது) இருக்கு, லேப் ரிசர்ச் இருக்கு, ஆனா பேஷண்ட் கூட நேரடியா பழகினது ஒண்ணுமே இல்லன்னு அட்வைசர் சொல்றாங்க. ஹாஸ்பிடல்ல வாலண்டியர் கேட்டா கிஃப்ட் ஷாப்லதான் இடம் இருக்காம். சிஎன்ஏ (நர்ஸுக்கு உதவியா பேஷண்ட பாத்துக்கறவங்க), ஸ்க்ரைப் (டாக்டருக்காக நோட்ஸ் டைப் பண்றவங்க), இஎம்டி (ஆம்புலன்ஸ்ல முதலுதவி பண்றவங்க) இதுல எது பண்ணலாம்? கிளாஸையும் விட முடியாது.

நைட்_ஷிஃப்ட்: என்னக் கேட்டா சிஎன்ஏதான். ட்ரெயினிங் ஃபெடரல் ரூல்படி குறைஞ்சது 75 மணி நேரம், சில ஸ்டேட்ல இன்னும் அதிகம். குளிப்பாட்டணும், சாப்பாடு ஊட்டணும், படுக்கைப் புண் வராம இருக்க திருப்பித் திருப்பிப் படுக்க வைக்கணும், உடம்பு வலிக்கும், ஆனா பேஷண்ட் வெக்கப்படாம இருக்கற மாதிரி துணி மாத்திவிடறது எப்படின்னு அங்கதான் கத்துக்க முடியும், எந்த லெக்சர்லயும் வராது. ஸ்க்ரைப்ல டாக்டர் எப்படி யோசிக்கறாங்கன்னு நல்லாப் புரியும், ஆனா நீங்க பேஷண்ட் கிட்ட பேசவே மாட்டீங்க, டைப் பண்ணிட்டே இருப்பீங்க.

ஆம்புலன்ஸ்_அக்கா: இஎம்டிக்கு வர்றவங்க நிறைய பேர் 911 எமர்ஜென்சி கால்தான் வரும்னு நெனச்சு வர்றாங்க. புதுசா சேர்றவங்களுக்கு பல இடத்துல கிடைக்கறது டயாலிசிஸ் பேஷண்ட கூட்டிட்டுப் போய் திருப்பி விடற வேலைதான். அத லேசா நெனைக்காதீங்க ப்ளீஸ். டயாலிசிஸ் பெரும்பாலும் வாரத்துக்கு மூணு தடவை, அதனால அதே முகத்த திரும்பத் திரும்பப் பாப்பீங்க, போன வாரம் சிரிச்சுப் பேசினவர் இன்னிக்கு ஏன் சோர்ந்து போயிருக்கார்னு கவனிக்க ஆரம்பிச்சிடுவீங்க.

தமிழ்_ரெசிடெண்ட்: யாரும் ஹாஸ்பிஸ் (கடைசி காலத்துல இருக்கற பேஷண்ட்ஸ பாத்துக்கற இடம்) சொல்லலயே! மெடிகேர் (முக்கியமா வயசானவங்களுக்கான கவர்மெண்ட் இன்ஷூரன்ஸ்) வாங்கற ஹாஸ்பிஸ்ல, சம்பளம் வாங்கற ஸ்டாஃப் செய்யற பேஷண்ட் கேர் நேரத்துல குறைஞ்சது 5 சதவீத அளவுக்காவது வாலண்டியர்ஸ் வேலை செய்யணும்னு ரூல், அதனால அவங்களே ஆள் தேடிட்டுதான் இருப்பாங்க. ட்ரெயினிங் அவங்களே குடுப்பாங்க, வாரத்துக்கு ரெண்டு மூணு மணி நேரம் போதும்னு சொல்ற இடங்கள் உண்டு, கிளாஸ் இருக்கறவங்களுக்கு இதுதான் ஒத்துவரும்.

பயோ_ஸ்டூடண்ட்: ரொம்ப தேங்க்ஸ் அண்ணா. ஆனா சாகப் போறவங்க கிட்ட என்ன பேசறதுன்னு பயமா இருக்கு.

தமிழ்_ரெசிடெண்ட்: நீங்க பேச வேண்டியதே கம்மி. பக்கத்துல உக்காந்து கேளுங்க, பாதி நேரம் அவங்க வியாதியப் பத்திப் பேசவே மாட்டாங்க, பேரப்பிள்ளைங்க, பழைய வேலை, இதெல்லாம்தான் வரும். தாங்க முடியலன்னா வாலண்டியர் கோஆர்டினேட்டர் கிட்ட சொல்லுங்க, அவங்க அதுக்குத்தான் இருக்காங்க. இன்னொண்ணு, வீட்டுக்கு வந்ததும் பேஷண்ட் பேர், அடையாளம் எதுவும் இல்லாம மனசுல பட்டத நோட்ல எழுதி வைங்க. அப்ளிகேஷன்ல ஒரு ஆக்டிவிட்டிக்கு 700 எழுத்துதான் இடம், ஒரு வருஷம் கழிச்சு யோசிச்சா மணிக்கணக்கு மட்டும்தான் ஞாபகம் இருக்கும்.