1960-களின் பேட்டர்ன், அளவு 14: என் உடம்புக்கு எப்படிப் பெரிதாக்குவது?

செந்தூல்பொண்ணு

வணக்கம் அக்காமார்களே. பெட்டாலிங் ஜெயா அம்கோர்ப் மாலில் வார இறுதியில் பழைய சாமான் மேசை போடுகிறார்களே, அங்கே ரெக்கார்டுத் தட்டுகளுக்கு அடியில் ஒரு சிம்ப்ளிசிட்டி கம்பெனி பேட்டர்ன் (துணி வெட்டுவதற்கான காகித அச்சு) கவர் கிடந்தது. படத்தைப் பார்த்தால் 1960-களின் ஆரம்பம் மாதிரி இருக்கிறது. முன்பக்கம் இடுப்பு வரை பொத்தான், சின்னக் காலர், முழங்கைக்கு மேலே நிற்கும் கை, இடுப்பிலிருந்து சுருக்கு வைத்த பாவாடை. ஒரே துண்டாக வரும் கவுன். கவரில் நிற்கிற பெண்ணுக்கு இடுப்பே இல்லை, அது வேறு கதை.

அளவு 14 என்று இருந்ததால், நான் ரெடிமேடில் 12 போடுகிறவள், தாராளமாக இருக்கும் என்று வாங்கிவிட்டேன். வீட்டில் வந்து பின்பக்கம் பார்த்தால் மார்பு 34, இடுப்பு 26, ஹிப் 36. என் அளவு: மேல்மார்பு (அக்குளை ஒட்டி டேப்பைச் சுற்றினால்) 33, மார்பு 37, இடுப்பு 31, ஹிப் 40.

பிளவுஸ் நன்றாகத் தைப்பேன், ஆனால் அளவு பிளவுஸை வைத்து வெட்டித்தான் பழக்கம். காகிதத்தை வைத்து வெட்டியதில்லை. எங்கே கூட்டுவது? இன்னொன்று, துணி 35 அங்குல அகலத்தில் நாலே முக்கால் கஜம் என்று போட்டிருக்கிறது. அந்த அகலத்தில் இப்போது எங்கே கிடைக்கும்?

ஊசிநூல்

சுற்றிலும் அரை அங்குலம் கூட்டி வெட்டிவிடுங்கள். நான் டி-ஷர்ட்டுக்கு அப்படித்தான் செய்வேன்.

பட்டர்வொர்த் அக்கா

தம்பி, டி-ஷர்ட் இழுத்தால் நீளும். இது நீளாத துணி. சுற்றிலும் கூட்டினால் கழுத்தும் தோளும் சேர்ந்து அகன்று, தோள் தையல் கையில் வந்து தொங்கும்.

தங்கச்சி, எண்ணை மறந்துவிட்டு அங்குலத்தைப் பாருங்கள். அந்தக் காலத்து 14-க்கு மார்பு 34. 1968 வாக்கில் அமெரிக்கப் பேட்டர்ன் கம்பெனிகள் எண்களை மாற்றின, அதற்குப் பிறகு வந்த 14-க்கு மார்பு 36. கவரில் ‘நியூ சைசிங்’ என்று அச்சடித்திருந்தால் அது பிந்திய கணக்கு. ரெடிமேட் 12, இந்த இரண்டிலும் சேராது.

உங்களுக்கு ஒரு நல்ல செய்தி. மார்பு 34 என்று வரைகிறவர்கள் மேல்மார்பு சுமார் 32 இருக்கும் என்று வைத்துத்தான் வரைவார்கள். உங்களுக்கு 33. அதாவது தோளும் கழுத்தும் கிட்டத்தட்ட அப்படியே பொருந்தும். மார்பையும் இடுப்பையும் கூட்டுவது சுலபம். தோளைத் திருத்துவதுதான் தலைவலி. தோள் பொருந்தாத பேட்டர்ன் எவ்வளவு அழகாக இருந்தாலும் நான் தொடமாட்டேன்.

இப்போது கணக்கு. மார்புக்கு மொத்தம் 3 அங்குலம் வேண்டும். அதில் ஒரு அங்குலத்தைப் பக்கத் தையலில் எடுத்துக்கொள்ளுங்கள்: முன்பக்கம் இரண்டு ஓரம், பின்பக்கம் இரண்டு ஓரம், ஒவ்வொன்றிலும் கால் அங்குலம், கைக்குழியிலிருந்து இடுப்பு வரை. அதே கால் அங்குலத்தைக் கையின் அடித்தையலில் இரண்டு ஓரத்திலும் கூட்ட மறக்காதீர்கள், இல்லாவிட்டால் கை குழிக்குள் உட்காராது. மீதி 2 அங்குலம் முழுக்க முன்பக்கத்துக்கு. முதுகு பெரிதாகவில்லையே, அதில் ஏன் கூட்ட வேண்டும்? காகிதத்தில் இருப்பது அரை முன்பக்கம் என்பதால், அங்கே ஒரு அங்குலம்.

அந்த ஒரு அங்குலத்தை ஓரத்தில் கூட்டக் கூடாது, நடுவில் திறக்க வேண்டும். நகல் எடுத்த காகிதத்தில் மார்பு முனையைக் குறியுங்கள். இடுப்பு டார்ட்டின் (உடம்பு வளைவுக்காக மடித்துத் தைக்கிற பிடிப்பு) நடுவிலிருந்து மேலே மார்பு முனை வரை ஒரு கோடு, அங்கிருந்து கைக்குழியின் கீழ்ப்பகுதிக்கு ஒரு கோடு. இந்தக் கோட்டில் வெட்டிக்கொண்டே போய், கைக்குழி ஓரத்தில் ஒரு நூல் அளவு விட்டு நிறுத்துங்கள். பக்கத்து டார்ட்டின் நடுவிலும் மார்பு முனை வரை வெட்டுங்கள். இனி, பக்கத் தையல் இருக்கிற துண்டை மெதுவாக வெளியே நகர்த்தினால் காகிதம் கதவு மாதிரி திறக்கும். மார்பு முனைக்கு நேரே ஒரு அங்குலம் திறந்ததும் அடியில் வேறு காகிதம் வைத்து ஒட்டிவிடுங்கள். பக்க டார்ட் தானாகப் பெரிதாகியிருக்கும், அதுதான் சரி. நகர்த்திய பக்கம் கீழே இறங்கி நிற்கும். நடுமுன் பக்கத்தையும் அதே அளவு இறக்கி இடுப்புக் கோட்டை நேராக்குங்கள்.

இடுப்புக்கு 5 அங்குலம் வேண்டும். முன்பக்கம் திறந்ததில் 2 வந்துவிட்டது, பக்கத் தையலில் 1. மீதி 2-க்கு, முன்னால் இரண்டு பின்னால் இரண்டு என்று நாலு இடுப்பு டார்ட் இருக்குமே, ஒவ்வொன்றையும் திறப்பதற்கு முன் இருந்த அளவைவிட அரை அங்குலம் குறைத்துப் பிடியுங்கள். ஹிப்பைப் பற்றிக் கவலையே வேண்டாம். சுருக்குப் பாவாடையில் அது தாராளம். சுருக்கு கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

இன்னொன்று: காகிதத்தை அளந்தால் மார்பு 34-க்கு மேலேயே இருக்கும். மூச்சுவிட, கையைத் தூக்க அவர்களே தாராளம் விட்டிருப்பார்கள். தையலுக்கான துணியும் பெரும்பாலும் சேர்ந்தே இருக்கும், எட்டில் ஐந்து அங்குலம், நம் கணக்கில் ஒன்றரை சென்டிமீட்டர். பிளவுஸ் பழக்கத்தில் அதற்கு மேல் இரண்டு அங்குலம் விட்டு வெட்டிவிடாதீர்கள். பிறகு முதுகு நீளம். பிடரி எலும்பிலிருந்து இடுப்பு வரை யாரையாவது அளக்கச் சொல்லி, கவரில் இருப்பதோடு ஒப்பிடுங்கள். நம்மவர்களில் பலருக்கு அது குறையும். மேல்பாகத்தின் நடுவில் குறுக்கே மடித்துக் குறைக்க வேண்டும், அடியில் வெட்டக் கூடாது.

நல்ல துணியில் கத்தரி வைக்கும் முன் மேல்பாகத்தை மட்டும் காடாத்துணியில் தைத்துப் பாருங்கள். துணிக்கடையில் பெலாச்சு என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள்.

துணி அகலம்: கோலாலம்பூரில் ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மான் பக்கம் பருத்தி 45 அங்குலத்திலும் 60-லும் மீட்டர் கணக்கில் இருக்கும். 45 என்றால் மூன்றரையிலிருந்து நாலு மீட்டர் ஆகலாம். ஆனால் என் பேச்சை நம்பி வாங்காதீர்கள். வீட்டுத் தரையில் டேப் ஒட்டி, மடித்த துணியின் அகலத்தைக் குறித்து, திருத்திய காகிதங்களைப் பரப்பிப் பாருங்கள். எவ்வளவு நீளம் போகிறதோ அதுதான் உங்கள் கணக்கு. பருத்தியை ஒருமுறை அலசிக் காயவைத்த பிறகே வெட்ட வேண்டும். கோமோ கிரேப் துணி வேண்டாம், பாஜு குரோங்குக்கு அது அழகு, இந்தக் காலர் அதில் நிற்காது.

ஜார்ஜ்டவுன் கத்தரி

அக்கா நகல் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுப் போய்விட்டார், அதுதான் முதல் வேலை. அசல் காகிதத்தில் கத்தரி படவே கூடாது. எழுதுபொருள் கடையில் மாஜோங் காகிதம் கேளுங்கள், பெரிது, மலிவு. மெல்லிய காகிதம் சுருங்கியிருந்தால் இஸ்திரிப் பெட்டியைக் குறைந்த சூட்டில் வைத்துத் தேய்க்கலாம், ஆவி மட்டும் ஆகாது. பிறகு பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள். நம் ஊர் ஈரத்தில் இராமபாணப் பூச்சிக்கு அது விருந்து.

நான் லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தையில் எடுத்த ஒரு பேட்டர்னில் ஒரு கோடுகூட அச்சாகவில்லை, வெறும் ஓட்டைகள்தான். 1940-களுக்கு முந்திய பலது அப்படித்தான். ஓட்டைகளின் பொருள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், குறிப்புத்தாள் இல்லாமல் வாங்கினால் பாடுதான்.

பாவாடைக்கு பாத்தேக் சாரோங் போட்டுப் பாருங்களேன். அதன் தலைப்புப் பகுதியை நடுமுன் வரும்படி வைத்தால் எடுப்பாக இருக்கும். இரண்டு சாரோங் வேண்டியிருக்கும், பூவேலை தலைகீழாகப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

செந்தூல்பொண்ணு

அக்கா, காகிதத்தைத் திறந்தாயிற்று, நீங்கள் சொன்னபடியே பக்க டார்ட் பெருத்துவிட்டது! பெலாச்சில் இன்று ராத்திரி. இரண்டு சந்தேகம். முன்பக்கம் நீளமாகிவிட்டதால் பொத்தான் இடங்கள் மாறுமா? இடது பக்கத்தில் உலோக ஜிப் வை என்று எழுதியிருக்கிறதே, பொத்தான் இருக்கும்போது அது எதற்கு?

பட்டர்வொர்த் அக்கா

பொத்தான் இடுப்போடு நின்றுவிடுகிறது அல்லவா, பக்கத்தில் திறப்பு இல்லாமல் கவுனுக்குள் எப்படி நுழைவீர்கள்? ஜிப் வேண்டும். உலோகம் என்று கட்டாயமில்லை, சாதாரண நைலான் ஜிப் போதும், துவைக்கவும் லேசு. இடுப்புத் தையலுக்கு மேலேயும் கீழேயும் போகிற நீளத்தில் வாங்குங்கள்.

பொத்தானுக்குக் காகிதத்தில் இருக்கிற குறிகளை விட்டுவிடுங்கள். பெலாச்சைப் போட்டுக்கொண்டு, மார்பு முனைக்கு நேரே முதல் பொத்தானைக் குறியுங்கள், அங்கேதான் வாய் பிளக்கும். கழுத்தில் ஒன்று. மற்றதை இடையில் சமமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பெல்ட் கட்டுவதாக இருந்தால் இடுப்புக் கோட்டில் பொத்தான் வேண்டாம், கொக்கி வைத்துவிடுங்கள்.