தோப்பை சும்மா விட்டா பூச்சிக்கு நல்லதா?

எல்லாருக்கும் வணக்கம்.

ஆளில்லாத பழத்தோப்பை அப்படியே போட்டா மருந்தும் இல்ல உழவும் இல்ல, நல்ல பூச்சிங்களுக்குக் கொண்டாட்டம்தானேன்னு அண்ணன் நேத்து கேட்டிருந்தாரு. அண்ணே, பாதி சரி.

மருந்தடிய நிறுத்துனதும் பொறிவண்டு, சிலந்தி எல்லாம் கூடுறது நெசம்தான். கண்ணாடி இறக்கைப் பூச்சியும் வந்துரும், அதோட முட்டைய பாத்திருக்கீங்களா, இலையில முடி மாதிரி ஒரு காம்பு, அதோட நுனியில ஒத்த முட்டை நிக்கும். பக்கத்துல பக்கத்துல ஒட்டிவெச்சா மொதல்ல பொரிச்சது மத்த முட்டைய தின்னுப்புடும், அதுக்குத்தான் இந்த ஏற்பாடு! புழு கீழ எறங்குனா, செடிச்சாறு உறிஞ்சுற அசுவினிப் பூச்சிக்கு எமன்.

பிரச்சினை அப்பறம்தான் ஆரம்பிக்கும். பழைய தோப்புன்னா மரம் உசரமா தள்ளித்தள்ளி நிக்கும், கீழ இருக்கிற புல்லை ஆடுமாடு மேயும் இல்ல நாம அறுப்போம், அதனால வெயில் தரை வரைக்கும் எறங்கும். மேய்ச்சலும் அறுப்பும் நின்னா உசரப் புல்லு மண்டி சின்னப் பூச்செடியெல்லாம் அமுங்கிப் போகும், பின்னாடியே முள்ளுப்புதர். காட்டுத் தேனீல பெரும்பாலானது மண்ணைத் தோண்டித்தான் கூடு கட்டும், அதுக்கு வெயில் படுற வெறுந்தரை வேணும். ஓநாய் சிலந்தியும் அப்படித்தான், வலை பின்னாது, தரையில ஓடியே புடிக்கும். தாய்ச்சிலந்தி முட்டைப்பையை வயித்தோட பின்நுனியில ஒட்டிக்கிட்டு வெயில்ல காட்டிக்கிட்டு நிக்கும், குஞ்சு பொரிச்சதும் அத்தனையும் அது முதுகுலதான் சவாரி. நிழல் கட்டிருச்சுன்னா அதுக்கு அங்க என்ன வேலை?

புதர்ல வலை கட்டுற சிலந்திங்களுக்கு மட்டும் யோகம், அதுங்க பெருகும். அதனால மொத்தமா எண்ணிப் பாத்தா கொறஞ்ச மாதிரியே தெரியாது, ஆனா இருக்கிற ஆளு மாறிப்போச்சு. என்னைக் கேட்டா இங்கதான் எல்லாரும் ஏமாந்துடுறாங்க.

மரமும் கவாத்து இல்லாம, அதாவது கெளை வெட்டி விடாம, நெருங்கி, பாரம் தாங்காம கெளை முறியும். புது கன்னு வெக்க ஆளில்லன்னா, பழைய மரம் விழுந்ததோட பொந்தும் போச்சு, பொந்துல குடியிருந்த வண்டும் போச்சு.

அதனால முழுசா சுத்தம் பண்ணவும் வேணாம், முழுசா விடவும் வேணாம். புல்லை ஒரே நாள்ல மொட்டையடிக்காம பாதிப்பாதியா அறுக்கச் சொல்லுங்க. அப்பறம் முக்கியமா, பட்ட மரம் ஒண்ணு ரெண்டு நிக்கட்டும்னு இப்பவே கறாரா சொல்லிடுங்க, விறகுக்குன்னு யாராவது வந்து நிப்பாங்க.