மெசின் வாங்க முன்னம் என்ன கணக்குப் போட்டனீங்கள்? உங்கட அனுபவத்தைச் சொல்லுங்கோ

கொக்குவில் மில்காரன்:

2013 இல நடந்தது. எங்கட மில்லில தூள் அரைக்கிற பழைய மெசின் மூச்சு வாங்கத் தொடங்கீற்றுது. ரெண்டு இடத்தில விலை கேட்டன். ரெண்டுமே 12 லட்சம். ஒண்டு வேகமானது. வருசம் 4 லட்சம் மிஞ்சும், ஆனால் 4 வருசத்தில தேஞ்சு போகும். மற்றது ஆறுதலா ஓடும். வருசம் 3 லட்சம்தான், 8 வருசம் நிக்கும்.

அம்மாட்டைக் கேட்டன். அவ திருப்பிக் கேட்டது ஒண்டே ஒண்டு: "போட்ட காசு எப்ப மோனை கையில வரும்?" வேகமானதுக்கு 3 வருசம், மற்றதுக்கு 4. அம்மாவின்ர கேள்விக்கு மீளளிப்புக் காலம் எண்டு ஒரு பேர் இருக்கிறது எனக்கு அப்ப தெரியாது. வேகமானதை இறக்கினன்.

சொன்ன மாதிரி மூண்டு வருசத்தில காசு வந்தது. நாலாம் வருசம் முடிய மெசினும் முடிஞ்சுது. கையில மிஞ்சினது 4 லட்சம்.

பிறகு ஏ.எல். இல கணக்கியல் படிக்கிற தங்கச்சின்ர மகள், பாங்க் கடன் வட்டி 15 வீதம் எண்டு எடுத்து, பிந்தி வாற காசை அந்த வட்டியால குறைச்சு இண்டைக்கு எவ்வளவு பெறும் எண்டு கொப்பியில கழிச்சுப் பாத்தாள். 4 வருசம் வாற நாலு நாலு லட்சத்துக்கும் இண்டைய பெறுமதி 11.42 லட்சம். போட்டது 12. "மாமா, 58 ஆயிரம் நட்டத்துக்குத்தான் இதை வாங்கியிருக்கிறியள்" எண்டாள். மற்ற மெசினுக்கு 13.46 வந்தது. அதாவது ஒண்டரை லட்சத்துக்குக் கிட்ட லாபம். நாலு வருசம் வேர்வை சிந்தினது நான், நட்டத்தைக் கண்டுபிடிச்சது அஞ்சு நிமிசத்தில அவள்!

உங்களுக்கும் உப்பிடி நடந்திருக்கும். எழுதுங்கோ.

திருநெல்வேலி வாத்தியார்:

உங்கள் மருமகளுக்கு முழுப் புள்ளி. ஆயுள் வேறுபட்ட ரெண்டு மெசின்களின் தேறிய நிகழ்காலப் பெறுமதியை (இன்றைய பெறுமதியில் போட்ட காசைக் கழித்து வருவது) அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிடக்கூடாது என்று வகுப்பில் சொல்லுவேன். ஆனால் இங்கே ஒன்று சக (+), மற்றது சய (−). திரும்பத் திரும்ப வாங்கினாலும் சய சயதான்.

உங்களிடம் மெசின் விற்றவர் "முதலுக்கு 16.7 வீத வருமானம்" என்று சொல்லியிருந்தாலும் ஆச்சரியப்படமாட்டேன். மெசின் விலையை 4 வருசத்துக்குப் பிரித்தால் வருகிற 3 லட்சம் பெறுமானத்தேய்வு போக வருசம் 1 லட்சம் லாபம். அதை 12 லட்சத்தால் வகுத்தால் 8.3 வீதம். சராசரி முதலீடு என்று சொல்லி அதன் பாதியான 6 லட்சத்தால் வகுத்தால் 16.7. லாபம் ஒன்றுதான், எதால் வகுக்கிறது என்பதில்தான் வியாபாரம்.

கழிக்கிற வீதத்தையும் சும்மா எழுதிவிடக்கூடாது. நீங்கள் வாங்காமல் விட்ட மெசின் தாங்கக்கூடிய ஆகக்கூடிய வீதம் 18.6 அளவில்தான். அகவருவாய் வீதம் என்று படிப்பிக்கிறது அதைத்தான். 2022 ஏப்ரல் 8 ஆம் திகதி மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 வீதப் புள்ளிகள் ஏற்றியது. அந்த வருசமே அரசாங்கம் குறுங்காலக் கடனுக்கு விற்கிற திறைசேரி உண்டியலுக்கு 30 வீதத்துக்கு மேலும் கிடைத்தது. அப்போது 12 லட்சம் கையில் இருந்தவர் மில்லே திறந்திருக்கத் தேவையில்லை. ஆனால் ஒன்று: விலைவாசி ஏறுகிறது என்று வட்டியை மட்டும் 30 ஆக்கிவிட்டு, அரைவைக் கூலியைப் பழைய விலையிலேயே வைத்துக் கணக்குப் போடுகிற பிள்ளைகள் வருசா வருசம் வருகிறார்கள். பெரியவர்களும் அதைத்தான் செய்கிறார்கள்.

குருநகர் கடல்:

வாத்தியார் சொன்ன பேரெல்லாம் எனக்கு விளங்கேல்லை. என்ர கதை இது. 2022 தொடக்கத்தில கடன் எடுத்து எஞ்சின் மாத்தினன். ஒருக்காத் தொழிலுக்குப் போக 25 லீற்றர் மண்ணெண்ணெய். லீற்றர் 87 ரூபாய் எண்டு போட்டால் வடிவா ஓடும். ஆவணி மாசம் ஒரே இரவில 340. இரண்டாயிரத்துச் சொச்சமா இருந்த எண்ணெய்க் காசு 8,500. எண்ணெயைக் கழிக்க முன்னம் எனக்கு மிஞ்சினதே சராசரி 6,000. அப்ப 240 ரூபாயைத் தாண்டினால் போட்டை வெளிக்கிடுத்திறதே நட்டம். உந்த 240 எண்டதை எஞ்சின் வாங்க முன்னமே பிரிச்சுப் பாத்திருக்கலாம், ஒரு நிமிசம் காணும். மீன் விலையும் பிறகு ஏறினது உண்மைதான், ஆனால் கடன்காரன் அதுவரைக்கும் பொறுக்கேல்லை.

கொக்குவில் மில்காரன்:

அண்ணை, நீங்கள் பேர் தெரியாமலே செய்திருக்கிறியள். எந்த விலை எவ்வளவுக்குப் போனால் லாபம் பூச்சியமாகும் எண்டு தேடுறதும் உவையின்ர புத்தகத்தில ஒரு பாடமாம். மருமகள் சொன்னாள்.

சுன்னாகம் அக்கா:

எனக்குக் கூரையில பூட்டுற சூரியப் படல் (சோலார்). 2016 இல வந்த திட்டத்தில நாங்கள் குடுக்கிற மின்சாரத்துக்கு முதல் 7 வருசத்துக்கு அலகுக்கு 22 ரூபாய், பிறகு 13 வருசத்துக்கு 15.50. பூட்ட வந்த பெடியன் 22 ஐ மட்டும் பெரிசா எழுதிக் காட்டினான். 10 லட்சம் செலவு, மாசம் 600 அலகு, வருசம் 1,58,400 ரூபாய். "அக்கா, ஆறு வருசமும் கொஞ்ச மாசமும், பிறகு எல்லாம் சும்மா காசு" எண்டான்.

சும்மா காசு எண்டு ஆராவது சொன்னால் எனக்குக் கை அரிக்கும். சீட்டுக் கட்டிப் பழகின கை! இரவு இருந்து 12 வீதத்தில கழிச்சன். முதல் 7 வருசத்துக்கு 7.23 லட்சம். பிந்தின 13 வருசமும் சேந்து 3.24 தான். மொத்தம் 10.47. சந்தோசப்பட்டன்.

அடுத்த நாள்தான் படலின்ர மின்சாரத்தை வீட்டு மின்சாரமா மாத்துற இன்வேர்ட்டர் ஞாபகம் வந்தது. பத்தாம் வருசமளவில மாத்தவேணும் எண்டு அவனே வாய் தவறிச் சொன்னவன். 2 லட்சம் எண்டு வைச்சால் இண்டைய பெறுமதி 64 ஆயிரம். போச்சுது, 17 ஆயிரம் சய. ஆறு வருசக் கணக்கில பத்தாம் வருசத்துச் செலவு எப்பிடித் தெரியும்?

எண்டாலும் பூட்டினன். வீட்டில பெடியள் ஏசி கேட்டவை. கணக்குக்குப் பிறகும் ஆசை ஒண்டு இருக்குத்தானே.

ஸ்காபரோவில இருந்து:

எங்கட கதை கொஞ்சம் பெருசு. நல்லூருக்குக் கிட்ட சீதனக் காணியில கலியாண மண்டபம். இஞ்ச கனடாவில பாங்க் வட்டி குறைவு எண்டு, ரூபாயில வாற வாடகையை 5 வீதத்தில கழிச்சு, அமோகம் எண்டு தொடங்கினம். 2022 இல அமெரிக்க டொலர் 200 இல இருந்து 360 க்குப் போனது. ரூபாயில வாறதைக் கனடா டொலராக்கினால் பாதிக்குக் கிட்டப் போட்டுது. ரூபாய்க் காசுக்கு ரூபாய் வட்டியைத்தான் வைச்சிருக்கவேணும்.

காணி எங்கடதானே எண்டு அதுக்கு ஒரு சதமும் போடேல்லை. திருவிழா 25 நாளும் வாகனம் விட வாடகைக்குக் குடுத்தாலே ஒரு வருமானம் வந்திருக்கும். அதை விட்டதும் செலவுதான்.

பாதிக் கட்டடத்தில 2 கோடி போனது. தம்பி "இவ்வளவு போட்டாச்சு, முடிச்சே ஆகவேணும்" எண்டான். நான் "இனி ஒரு சதமும் தரமாட்டன்" எண்டன். கணக்காளர் ஒருத்தர் ரெண்டு பேருக்கும் பேச்சுக் குடுத்தார். "அந்த 2 கோடியை மறவுங்கோ, ஆர் அழுதாலும் வராது. இன்னும் போடவேண்டிய 1 கோடி 20 லட்சம் என்னத்தைக் கொண்டு வரும் எண்டு மட்டும் பாருங்கோ" எண்டார். பாத்தால் முடிக்கிறது லாபம்! முழுத் திட்டமும் நட்டம், ஆனால் முடிச்சது சரி. தம்பி இண்டைக்கும் தான் வெண்டதா நினைச்சுக்கொண்டிருக்கிறான்.

திருநெல்வேலி வாத்தியார்:

மூழ்கிய கிரயம் (போட்டுத் திரும்பி வராத காசு), அமையச் செலவு (கைவிட்ட வருமானம்) ரெண்டுக்கும் இதைவிட நல்ல உதாரணம் என்னிடம் இல்லை. வகுப்பில் சொல்லலாமா?

ஸ்காபரோவில இருந்து:

சொல்லுங்கோ, மண்டபத்தின்ர பேரை மட்டும் சொல்லாதையுங்கோ.

சுன்னாகம் அக்கா:

மில்காரத் தம்பி, இப்ப ஏதும் வாங்குற யோசனையோ? சும்மா உந்தக் கேள்வியைப் போட்டிருக்க மாட்டீங்கள்.

கொக்குவில் மில்காரன்:

பிடிச்சிட்டீங்கள் அக்கா. மிளகாய் காயவைக்க உலர்த்தி ஒண்டு. மாரியில முத்தத்துப் பாயை நம்பேலாது. 14 லட்சம், வருசம் 3 லட்சம் மிஞ்சும், 8 வருசம் நிக்கும். பாங்க் 14 வீதம் கேக்குது. இந்த முறை மருமகளைக் கூப்பிடேல்லை, நானே போட்டன். 13.92 லட்சம் வருது. குறையிறது எண்ணாயிரத்துச் சொச்சம். அம்மா வழக்கம்போல "எப்ப மோனை வரும்?" எண்டு கேட்டுப்போட்டா. நாளைக்கு அந்த எண்ணாயிரத்துக்குப் பேரம் பேசத்தான் போறன்.